வெய்க்கோ அத்தானுக்குக் குளிராத ஒரு ட்ரெய்லர்

பெல்கி, வட மிச்சிகன்
நவம்பர் 5, 1994

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய வெய்க்கோ அத்தானுக்கு,

மைத்துனன் தௌனோ பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஐலியும் நாயும் நலம். அங்கே நீங்களும் ஹில்யா அக்காவும், டாக்டர் வைத்த உங்கள் புது இடுப்பும் நலந்தானே? ஒன்பதாவது மாடியிலிருந்து மில்வாக்கி முழுக்கத் தெரிகிறது என்று அக்கா எழுதியிருந்தாள். சந்தோஷம். பார்த்து முடித்ததும் ஊர்ப்பக்கமும் கொஞ்சம் திரும்பலாம்.

உங்கள் செப்டம்பர் கடிதம் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "காலையில் அந்தக் கட்டிலிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை தௌனோ. போன வருஷம் பட்டதே போதும். இந்த நவம்பரில் என்னை எதிர்பார்க்காதே" என்று மூன்று வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க மில்வாக்கியில் மீன் ருசியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருஷம், அத்தான். நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்குகிற அன்று விடியும்போது நீங்களும் நானும் அந்தச் சதுப்புக் காட்டில் நிற்காத வருஷம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வருஷமே நின்றோம். ஐலி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். உங்களை விட்டுவிட்டுத் தனியாக அந்தக் காட்டில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவதெல்லாம் ஒரே குழப்பமாக இருக்கும்.

எழுந்திருக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதினால் எனக்குப் புரியாதா? நம் வேட்டைக் கூடாரத்தில், அந்தக் குளிரில், விடிகாலையில் யாருக்குத்தான் போர்வையை விட்டு வெளியே வர மனசு வரும்? எனக்கே வராது. குளிர்தான் உங்களை என்னிடமிருந்து பிரிக்கிறது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கூடாரத்தைக் கடாசிவிட்டு, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற ட்ரெய்லர் ஒன்றைப் பழசாகப் பார்த்து வாங்கிவிட்டால், நாலு சுவருக்குள் கதகதப்பாகப் படுத்துக்கொள்ளலாம், நீங்களும் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவீர்கள் என்று எளிதாகத்தான் நினைத்தேன். என் கெட்ட நேரம், கூட்டுறவுக் கடைக்குப் போய் யோசனை கேட்டேன்.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒன்னி, அடுப்புப் பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல் எஸ்கெல். நான் வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"தண்ணித் தொட்டி வச்ச வண்டியா வாங்கிராத தௌனோ. உறைஞ்சு வெடிச்சிரும்" என்றார் ஒன்னி.

"தொட்டி இல்லாம ட்ரெய்லர் எதுக்கு? அதுக்குக் கோழிக்கூடு வாங்கிட்டுப் போகலாம்" என்றார் எஸ்கெல்.

"கேஸ் அடுப்பு எரியிறப்ப ஒரு ஜன்னலத் திறந்து வைக்கணும். இல்லன்னா மூச்சு முட்டிச் செத்துருவ."

"திறந்து வச்சா குளிர்ல செத்துருவான்."

"ரெண்டு வழியிலும் சாவுதான்னா நான் எதுக்குய்யா வாங்கணும்?" என்று கேட்டேன்.

"கூடாரத்துல செத்தா அசிங்கம். இது சொகுசுல்ல" என்றார் எஸ்கெல்.

அதோடு விட்டார்களா? சூட்டடுப்புக்குள் ஒரு காற்றாடி இருக்குமாம், அது பாட்டரியைக் குடித்துவிடுமாம், பாட்டரி குளிரில் செத்துவிடுமாம், பாட்டரி செத்தால் காற்றாடி நிற்குமாம், காற்றாடி நின்றால் கேஸ் நிறைய இருந்தும் அடுப்பு அணைந்துவிடுமாம், ஆகவே பாட்டரியைப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துப் படுக்க வேண்டுமாம். அடியில் காற்றுப் போகாமல் சுற்றிலும் வைக்கோல் கட்டு அடுக்கு என்றார் ஒருவர். வைக்கோல் வைத்தால் எலி குடித்தனம் வரும் என்றார் மற்றவர். எலி வந்தால் என்ன, கதகதப்பான இடம் என்று எலிக்காவது தெரிகிறதே என்றார் முதலாமவர். நான் காகிதத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டும் வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடிக்காமல் மிஞ்சியது ஒரே வார்த்தை: "எலி".

சரி, ஒரு விஷயத்திலாவது தெளிவாக இருப்போம் என்று, உங்கள் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அறுத்துக்கொண்டேன். ஆறடி மூன்று அங்குலம். உங்கள் பழைய வேட்டை உரிமத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து அளந்தேன். எந்தப் பக்கம் தலை என்று எனக்கே குழம்பக்கூடாதே என்று, நீங்கள் இங்கே மறந்துவிட்டுப்போன சிவப்புக் கம்பளிக் குல்லாவை ஒரு முனையில் ஆணி அடித்து மாட்டினேன். எந்த ட்ரெய்லரைப் பார்த்தாலும் முதலில் கட்டிலில் சட்டத்தைப் படுக்க வைப்பேன். இது யார் என்று கேட்டவர்களிடமெல்லாம் என் அக்கா வீட்டுக்காரர் என்று சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

முதலில் ஹாட்டனில் ஒரு பேராசிரியர் வீட்டில் பார்த்தேன். இருபத்தெட்டு அடி நீளம். உள்ளே சரவிளக்கு, ரொட்டி சுடுகிற அடுப்பு, குளிக்கிற தொட்டி. கதவில் "நாலு பருவத்துக்கும் ஏற்றது" என்று ஒட்டியிருந்தது.

"எவ்வளவு குளிர் வரைக்கும் இதுல தங்கியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க ஜூலைலதான் போவோம். ஆனா ஒரு தடவை மழை பெஞ்சுது" என்றார்.

சட்டம் தாராளமாகப் படுத்தது. இன்னொரு அத்தானுக்கும் இடம் இருந்தது. குளிக்கிற தொட்டியில் ஒரு மான் வசதியாகப் படுக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பேராசிரியரின் மனைவி என்னைக் கடந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினார். அது போகட்டும், நம் காட்டுப் பாதையில் அந்த இரண்டு தேவதாரு மரங்களுக்கு நடுவே இதை எப்படி நுழைப்பது? 1971இல் உங்கள் வண்டிக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்ட மரங்கள்தான். கண்ணாடி இன்னும் பட்டையில் செருகித்தான் இருக்கிறது, நான் அதில் முகம் பார்ப்பதுண்டு.

இரண்டாவது, ஸ்கேனியில் கஸ்டாஃப் என்ற சுவீடன்காரரிடம். முட்டை மாதிரி ஒன்று வைத்திருந்தார். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாலே உள்ளே வியர்த்துவிடும் என்றார். வியர்த்தது, பொய்யில்லை. ஆனால் சட்டத்தைப் படுக்க வைத்தால் உங்கள் கால் முட்டிக்குக் கீழே வெளியே பனியில் நின்றது.

"உங்க அத்தான மடக்கிப் படுக்கச் சொல்லுங்க" என்றார்.

"அவரு எதுக்கும் மடங்க மாட்டாரு."

"அப்ப ஃபின்லாந்துக்காரர்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவதைத்தான் கடைசியில் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது சரியா, அது என்னை எடுத்தது என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

தாபியோலாவில் இம்பி துருனென் என்ற அம்மாள். கணவர் போய் இரண்டு வருஷமாகிறது. அவருடைய ட்ரெய்லர் பதினேழு அடி, பச்சைக் கோடு போட்டது, களஞ்சியத்துக்குப் பின்னால் நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கோயிலுக்குக் கிளம்புமுன் போனேன். போனதும் காபி, ஏலக்காய் ரொட்டி. இரண்டாவது கோப்பை. மூன்றாவது கோப்பை. உங்களுக்குத் தெரியும், ஒரு வீட்டில் மூன்றாவது கோப்பையைக் குடித்துவிட்டு உங்கள் பொருள் வேண்டாம் என்று எழுந்து வருகிற முகம் நம் ஆட்களுக்குக் கிடையாது. அதனால் மூன்றாவதில் பாதியை வைத்துவிட்டுத் தந்திரமாக எழுந்தேன்.

"நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன். நீங்க அடுப்ப மூட்டி உக்காந்து பாருங்க. சூடு எப்படி நிக்குதுன்னு தெரியும்" என்று சொல்லி, குடிக்க ஒரு வாளித் தண்ணீரும் கரண்டியும் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே கேஸ் அடுப்பு இல்லை, பாட்டரி இல்லை, காற்றாடி இல்லை. கணவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு சின்ன இரும்பு விறகடுப்பு வைத்திருக்கிறார். என் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது. சட்டத்தைக் கட்டிலில் படுக்க வைத்தேன், அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. உங்களுக்குக் குளிரக்கூடாதே என்று சட்டத்துக்குப் போர்வைகூடப் போர்த்தினேன். அடுப்பை மூட்டினேன். கால் மணியில் கோட்டைக் கழற்றினேன். அரை மணியில் சட்டை. அப்புறம் மீதியும். அந்தச் சூடு அப்படி, அத்தான்! அடுப்பின் மேலே முஷ்டி அளவில் பத்துப் பன்னிரண்டு கல் அடுக்கியிருந்தது. கல் சுட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் பக்கத்தில் இருந்தது. கரண்டி கையில் இருந்தது. நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பிறந்த வாரத்திலிருந்து சௌனா ஆவிக் குளியலில் வளர்ந்த கை, சுட்ட கல்லைக் கண்டதும் தானாகவே போய் ஒரு கரண்டி ஊற்றிவிட்டது. ஆஹா! இன்னொரு கரண்டி. பிறகு எண்ணவில்லை.

சௌனா முடிந்தால் கண் சொக்கும். உங்கள் பக்கத்தில், அதாவது சட்டத்தின் பக்கத்தில், கொஞ்சம் சாய்ந்தேன். விழித்தபோது பல் கிட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. விறகு வெளியே இருந்தது. அந்த ஆவி முழுக்கத் தகரச் சுவரில் தண்ணீராக வழிந்து, வழிந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிட்டது. ஜன்னலெல்லாம் வெள்ளை. கொக்கியில் மாட்டிய என் கால்சட்டை பலகைபோல் தானாகவே நின்றது. கதவைத் தள்ளினேன். கதவும் சுவரும் ஒன்றாகிவிட்டிருந்தன.

அப்போதுதான் வெளியே கார்கள் வந்து நிற்கிற சத்தம். ஒன்று, இரண்டு, நாலு. அன்றைக்குக் கோயில் மாதர் சங்கத்தின் காபி இம்பி வீட்டில் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஜன்னல் திரையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டேன். வாத்துப் படம் போட்ட திரை.

"தௌனோ, இன்னும் உள்ளயா இருக்கீங்க?" இம்பியின் குரல்.

"கதவு வரமாட்டேங்குது."

"வெளிய தள்ளுங்க. இழுக்காதீங்க."

"அறுபத்தாறு வயசு வரைக்கும் கதவத்தான் தள்ளிட்டு வர்றேன் இம்பி!"

அதற்குள் யாரோ ஓர் அம்மாள் ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். அவர் கண்ணில் பட்டது போர்வைக்கு வெளியே தெரிந்த சிவப்புக் குல்லா.

"ஐயோ, உள்ள இன்னொரு ஆளும் இருக்கான்! போர்த்திப் படுத்திருக்கான். அசையவே இல்ல!"

"அது என் அக்கா வீட்டுக்காரர்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். பதற்றத்தில் உண்மையைச் சொல்ல வரவில்லை.

"அவருக்கு உயிர் இருக்கா?"

"அது மரம்!"

"மரமாட்டம் விறைச்சிட்டாராம்" என்று அந்த அம்மாள் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னது எனக்குக் கேட்டது. ஒருவர் ஜெபம் தொடங்கிவிட்டார்.

இம்பிக்கு மட்டும் புத்தி வேலை செய்தது. வீட்டுக்குள் ஓடி, பதினோரு பேருக்குப் போட்டு வைத்திருந்த காபியைப் பானையோடு தூக்கி வந்து கதவின் விளிம்பில் சுற்றிலும் ஊற்றினார். ஒரு பானை, இரண்டு பானை. மூன்றாவது பானையில் கதவு திறந்தது. நான் வாத்துத் திரையோடு படியில் நின்றேன். என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில், "கர்த்தருடைய சமாதானம்" என்று எல்லோருக்கும் சொன்னேன். பதினோரு பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

இம்பி உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். கூரைப் பலகை ஊறி, நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் அந்தக் கல்ல சூடு நிக்கறதுக்காக வச்சாரு. பதினோரு வருஷத்துல ஒரு சொட்டுத் தண்ணி விட்டதில்ல."

"கல்லு சுட்டுட்டு இருந்துச்சு இம்பி. தண்ணி பக்கத்துல இருந்துச்சு."

அதைக் கேட்டதும் பதினோரு பேரும் தலையாட்டினார்கள். எல்லோரும் ஃபின்லாந்துக்காரர்கள். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

பிறகு நான் அதை வாங்காமல் வர முடியுமா, நீங்களே சொல்லுங்கள். இரண்டு வண்டி மேப்பிள் விறகும், இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வாசல் பாதையில் பனி தள்ளிவிடுவதும்தான் விலை என்று பேச்சு. அன்றைக்குக் குடிக்க வேண்டிய மூன்றாவது கோப்பையின் மீதியையும் குடித்துவிட்டு, ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் கூட்டுறவுக் கடையில் நுழைந்ததும் ஒன்னி மிக அக்கறையாக விசாரித்தார்: "உங்க அத்தான உருக்கி எடுத்தாச்சா?"

ஆகவே அத்தான், குளிர் தீர்ந்தது. சுவர் இருக்கிறது, கூரை ஏறக்குறைய இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, உங்கள் நீளத்துக்குக் கட்டில் இருக்கிறது. கல்லை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டேன், என் கையை நான் நம்பவில்லை. இனி வரமுடியாது என்று சொல்ல உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. பதினாலாம் தேதி மத்தியானம் பேருந்து நிலையத்தில் நிற்பேன். வருகிறேன் என்று ஒரு வரி உடனே எழுதுங்கள். மீனைப் பற்றி அப்புறம் எழுதலாம்.

ஹில்யா அக்காவுக்கு என் அன்பும், உங்கள் மகளுக்கு என் ஆசீர்வாதமும். ஒன்பது மாடியும் நிலைத்து நிற்கவும், மின்தூக்கி நடுவழியில் நிற்காதிருக்கவும் கர்த்தர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
தௌனோ லேதோ

பின்குறிப்பு (நவம்பர் 9): இந்தக் கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்து, தபாலில் போட மறந்து, காட்டுக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் படித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

எஸ்கெலும் நானும் ட்ரெய்லரை நம் வேட்டை முகாமுக்கு இழுத்துப்போனோம். தேவதாரு மரங்கள் அதன் பின்விளக்கை வாங்கிக்கொண்டன. நான் உள்ளே படுத்துப் பார்த்தேன். தலை வெந்தது, கால் விறைத்தது, கூரை மூக்கில் சொட்டியது. சாமான் வைக்க உதவட்டும் என்று பக்கத்தில் நம் பழைய கூடாரத்தை அடித்திருந்தோம். அதில் பீப்பாய் அடுப்பை மூட்டிவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன், எஸ்கெல் வந்து உலுக்குகிறவரைக்கும் தூங்கினேன். அப்படி ஒரு கதகதப்பு. வீட்டுக்கு வந்து ஐலியிடம் கேட்டேன்: "முப்பத்தெட்டு வருஷமா அந்தக் கூடாரத்துல எங்களுக்குக் குளுந்துச்சா இல்லையா? எனக்கு ஒண்ணும் புரியல."

அவள் உங்கள் கடிதத்தை எடுத்துவரச் சொன்னாள். படித்தாள்.

"இதுல குளிருன்னு எங்க எழுதியிருக்கு?"

இரண்டு பக்கமும் பார்த்தேன். உறைக்குள்ளும் பார்த்தேன். இல்லை.

"எழுந்திருக்க முடியலன்னு எழுதியிருக்காரு. இடுப்புல ஆபரேஷன் பண்ணின மனுஷன். உங்க துணிக்கட்டில் தரையிலேர்ந்து ஒரு சாண் இருக்குமா? அதுல படுத்தா எப்படி எழுந்திருப்பாரு? போன வருஷம் தினமும் காலைல யாரு தூக்கிவிட்டாங்க?"

நான்தான் தூக்கிவிட்டேன். அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, பக்கத்து முகாம்காரர்கள் எதிரிலேயே, கரடியைக் குகையிலிருந்து எடுக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பட்டது போதும் என்று நீங்கள் எழுதியது அதைத்தான் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. மன்னித்துவிடுங்கள் அத்தான். ஊர் ஊராகப் போய் உங்கள் நீளத்தை அளந்தேன், ஒரு கட்டிலின் உயரத்தைக்கூட அளக்கவில்லை.

நேற்று ட்ரெய்லர் கட்டிலை ஆணி கழற்றி வெளியே எடுத்து, கூடாரத்துக்குள் அடுப்புப் பக்கமாகப் போட்டுவிட்டேன். தரையிலிருந்து இருபத்து மூன்று அங்குலம். ஐலி வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் மூன்று தடவை எழுந்து காட்டினாள். உங்களை யாரும் தொட மாட்டார்கள். மீதி ட்ரெய்லரை எஸ்கெல் கேட்கிறார், கோழிக்கு.

அந்தக் கட்டிலில் இப்போதைக்கு உங்கள் சட்டம்தான் குல்லாவோடு படுத்திருக்கிறது. அது காபி குடிப்பதில்லை, பேசினால் பதில் சொல்வதில்லை, மானைப் பார்த்தால் முழங்கையால் இடிப்பதுமில்லை. பதினாலாம் தேதி வந்து, குல்லாவைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டத்தை அடுப்பில் போடுங்கள்.